குமிழ்கள் யார் போட்டவை?

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியது கவிதா, நான் வேலை பார்த்த லேபில் இப்போது இருக்கும் பெண். படத்தில் ரோஜா நிறத்தில் சிறுநீரகத் திசு. வட்ட வட்டமான குழாய்கள், அவற்றின் சுவர்ச் செல்களுக்குள் சோப்பு நுரை போலப் பொடிப்பொடியாகக் குமிழ்கள். கீழே ஒரு வரி: ‘அண்ணா, இது செல்லோட ஓட்டையா, நம்ம ஓட்டையா?’

தூக்கம் போய்விட்டது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் யார் என்று கவிதாவுக்குத் தெரியாது. லேபில் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்குப் போய் அவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. முதன்முதலாக அது என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது.

நான் சிங்காநல்லூர்க்காரன். அப்பா மில்லில் இருந்தார். என்னை மில் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்த்துவிட்டார். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குடுவை கழுவினேன், முதன்முதலாக ரத்தம் எடுத்தபோது மயக்கம் வந்தது. நோயாளிக்கு அல்ல, எனக்கு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்தது. டாக்டர்கள் உடம்பிலிருந்து எடுத்து அனுப்பும் துண்டுகளை மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டித் தருவது என் வேலை. அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோய் என்னவென்று சொல்வது கிரேஸ் மேடத்தின் வேலை.

மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட காட்டன் சேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக லேபுக்கு வந்துவிடுவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. துண்டோடு வரும் சீட்டில் நோயாளியின் கதையும், டாக்டருக்கு என்ன சந்தேகம் என்பதும் எழுதியிருக்கும். அதை மேடம் முதலில் படிக்க மாட்டார். ஒரு பழைய எக்ஸ்ரே கவருக்குள் போட்டு மேசையின் ஓரத்தில் தள்ளி வைத்துவிடுவார். முதலில் கண்ணாடி. பார்க்கப் பார்க்க ஒரு நோட்டில் எழுதுவார். பக்கத்தை நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் ‘பார்த்தது’, வலது பக்கம் ‘நினைப்பது’. இடது பக்கம் நிரம்பிய பிறகுதான் கவரிலிருந்து சீட்டு வெளியே வரும். அவசரம் என்று யாராவது வந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தால், “இருங்க, இன்னும் நான் அவரைப் பார்க்கலைங்க” என்பார். அவர் என்பது கண்ணாடியில் இருக்கும் துண்டு.

அந்த நோட்டில் ஒருமுறை நான் வசமாக மாட்டிக்கொண்டேன். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு ரத்தம் ஊறுவதில்லை. ரத்தம் ஊறச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு ஆள் அனுப்புவதே சிறுநீரகம்தான். அது படுத்துவிட்டால் மஜ்ஜையும் சும்மா இருந்துவிடும். முகமெல்லாம் சோளமாவு பூசியதுபோல வெளுத்து வருவார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு புது ஊசி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. முதல் ஊசி போட்டது ஒரு மில் தொழிலாளிக்கு. அவர் ரத்தத்தில் ‘இளம் செல்’ எத்தனை என்று எண்ணும் வேலையை மேடம் என்னிடம் கொடுத்தார். பிறந்து ஓரிரு நாளே ஆன சிவப்பணுவுக்குள் நீலச் சாயம் ஏற்றினால் வலை பின்னியது மாதிரி தெரியும். ஊசிக்கு முன்னால் தேடித் தேடித்தான் ஒன்று அகப்பட்டது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் மைக்ரோஸ்கோப்பில் தெரியும் ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு, மூன்று நீல வலை. எனக்கு ஒரே குதூகலம். இடது பக்கத்தில் பெரிதாக எழுதினேன்: ‘ஊசி நன்றாக வேலை செய்கிறது.’

மேடம் அதை அடித்துவிட்டார்.

“துரைசாமி, கண்ணாடியில ஊசியைப் பார்த்தீங்களா?”

“இல்லைங்க மேடம்.”

“நீலப் புள்ளி அதிகமாயிருக்குதுன்னு பார்த்தீங்க. அதை இந்தப் பக்கம் எழுதுங்க. ஊசியை அக்கட்ட எழுதுங்க.”

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்துதான் வேலையில் ருசியும் வந்தது. ஒரு மருந்து மனிதனுக்குள் போகிறது. அவன் முகம் தெளிவதையும் நடை மாறுவதையும் எல்லோரும் பார்க்கிறார்கள். உள்ளே ஒரு செல் அந்த மருந்தை என்ன செய்தது, அந்த மருந்து செல்லை என்ன செய்தது என்று பார்க்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சம்பளம் கொடுத்து வேடிக்கை பார்க்கச் சொன்னால் யாருக்குக் கசக்கும்?

பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் சிறுநீரக மாற்று ஆபரேஷன் தொடங்கினார்கள். சிறுநீரக டாக்டர் மோகன், சுறுசுறுப்பும் முன்கோபமும் சம அளவில் கலந்தவர். மாற்றுச் சிறுநீரகம் நிலைக்க வேண்டுமென்றால் நோயாளியின் வெள்ளணுக்களை அடக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை புதிதாக வந்த உறுப்பை அந்நியன் என்று நினைத்து அடித்துவிடும். அதற்கு அப்போது வந்த மருந்து எண்ணெய் மாதிரி ஒரு திரவம். நாற்றமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து குமட்டும். கண்ணாடி டம்ளரில் எதிலாவது கலக்கித்தான் குடிக்க முடியும். பிளாஸ்டிக் டம்ளர் என்றால் பாதி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் விளக்கி ஒரு ஆங்கிலத் தாள் இருந்தது. லேபில் சீசாக்களுக்கு லேபிள் எழுதி எழுதி என் கையெழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். டாக்டர் மோகன் அதைப் பார்த்துவிட்டு, “இதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க துரைசாமி, ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் குடுத்துரலாம்” என்றார். உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலத்தில் ‘பால் அல்லது ஆரஞ்சுச் சாறு’ என்று இருந்தது. எனக்கு ஒரு யோசனை. சத்தியமங்கலத்திலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் வருகிறவர்கள் தினமும் ஆரஞ்சுக்கு எங்கே போவார்கள்? வீட்டில் எது இருக்கிறதோ அதைப் பிழிந்துகொள்ளட்டும். ‘பால் அல்லது ஏதாவது பழச்சாறு’ என்று எழுதினேன். டாக்டரும் படித்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குது, நம்ம ஜனங்களுக்குத் தகுந்த மாதிரி” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நோயாளிகளுக்கு அந்த வரி எவ்வளவு இனித்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒறம்பரை என்று சொந்தக்காரர் யார் வந்தாலும் இளநீர் வெட்டிக் கொடுக்கும் ஊர்களில் சிறுநீரக நோயாளியாக இருப்பது பெரிய தண்டனை. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, எந்தப் பழத்தைத் தொட்டாலும் பொட்டாசியம் என்று டாக்டர் அதட்டுவார். வருடக்கணக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஆபரேஷன் முடிந்ததும் கையில் ஒரு சீட்டு. அதில் ‘பழச்சாறு’ என்று எழுதியிருக்கிறது.

அப்படிச் சீட்டு வாங்கிப் போனவர்களில் ஒருவர் நடராஜ். சத்தியமங்கலத்துப் பக்கம் மல்லிகைத் தோட்டம், முப்பத்தைந்து வயது. அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அக்கா ருக்மணி. மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு பாக்குத்தோப்பு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். மாசியில் ஆபரேஷன். தையல் பிரித்து வீட்டுக்குப் போனார்கள். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் நடராஜின் ‘உப்பு’ ஒழுங்காக இருந்தது. கிரியாட்டினினை எங்கள் பக்கத்து நோயாளிகள் அப்படித்தான் சொல்வார்கள். புரட்டாசியில் அது ஏறியது. அடுத்த முறை இன்னும் ஏறியது.

டாக்டர் மோகனுக்கு அது ஒரே ஒரு விஷயமாகத்தான் பட்டது. தம்பியின் உடம்பு அக்காவின் சிறுநீரகத்தைத் தள்ளுகிறது. அவர் மருந்தை ஒழுங்காகக் குடிப்பதில்லை. வார்டில் அதட்டியது இரண்டு மாடிக்குக் கேட்டதாம்.

“மருந்தை ஒரு வேளை உட்டாலும் கிட்னி போயிரும்னு சொன்னனா இல்லையா?”

“ஒரு வேளை கூட உடலைங்க டாக்டர். அக்கா மேல சத்தியமுங்க.”

சத்தியத்தை வைத்து டாக்டர் என்ன செய்வார்? தள்ளுகிறது என்றால் அடுத்த மூன்று நாளும் ஸ்டீராய்டு பெரிய ஊசி. கூடவே அந்த எண்ணெய் மருந்தின் அளவையும் கூட்ட வேண்டும். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஐஸ் பெட்டியில் சென்னைக்கு அனுப்ப வேண்டும். பதில் வர நாலைந்து நாள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது. பயாப்சி எடுத்து, சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்று எங்களுக்கு அனுப்பினார்.

ஊசி வழியாக எடுக்கும் சிறுநீரகத் துண்டு என்பது ஒரு சேமியா இழை அளவுதான் இருக்கும். அன்று இரண்டு இழை வந்தது. பாட்டிலை வாங்கிக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன். வெளியே வராந்தா பெஞ்சில் ருக்மணியக்கா உட்கார்ந்திருந்தார். நான் பாட்டிலோடு போவதைப் பார்த்து எழுந்துவிட்டார்.

“ஏனுங்க சார், அதுக்குள்ள இருக்கறது என்ற கிட்னிங்களா?”

“ஒரு பொடித் துண்டுதானுங்கக்கா.”

“நல்லா இருக்குதுங்களா?”

“பார்த்துத்தானுங்க சொல்லோணும்.”

அவர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். “ஆபரேஷனுக்குக் கைநாட்டு வெக்கறப்ப நான் அழுதுபோட்டனுங்க. பயந்துக்கிட்டுதான். அதை ஒறம்பரை எல்லாரும் பார்த்துட்டாங்க. இப்ப உப்பு ஏறிப்போச்சுன்னதும், அக்கா மனசு ஒப்பிக் குடுக்கலை, அதான் ஒட்டலைன்னு பேசறாங்க. என்ற தம்பி பொண்டாட்டி ஒரு வாரமா என்ற மூஞ்சியப் பார்க்கறதில்லைங்க.”

பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவசரப்பட்டேன் என்றால் அதனால்தான் என்று இப்போதும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

மேடத்தின் சட்டப்படி ஒரு இழையில் பாதியை வெட்டி பாட்டிலிலேயே நிறுத்திவிட்டு மீதியை எடுத்தேன். திசுவில் இருக்கும் தண்ணீரை முழுவதும் எடுத்தால்தான் அதற்குள் மெழுகு ஏறும். சாராயத்தில், அதாவது லேப் ஆல்கஹாலில், போட வேண்டும், முதலில் லேசானது, பிறகு கெட்டியானது, அப்புறம் தண்ணீரே கலக்காதது. ஒவ்வொன்றிலும் இவ்வளவு நேரம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். அதன் பிறகு சைலீன் என்ற திரவம், அதன் பிறகு உருகிய மெழுகு. இப்போது இதையெல்லாம் ஒரு இயந்திரம் தானாகச் செய்துவிடுகிறது. அதன் பக்கத்தில் நின்று கைப்பேசி பார்க்கலாம். அன்று நாங்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கூடையைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டும். அதே கூடையில் இன்னொரு துண்டும் போட்டேன். கல் அடைத்துப் போன ஒருவருடைய சிறுநீரகத்தை அன்று காலை எடுத்திருந்தார்கள், அதன் துண்டு. சாயங்காலத்துக்குள் முடிய வேண்டுமே என்று ஒவ்வொரு சாராயத்திலும் நேரத்தைக் குறைத்தேன். கடைசி ஜாடியில் பாதி நேரம்தான் வைத்தேன். சுவரில் ஒட்டியிருந்த தாள் என்னை முறைத்துக்கொண்டே இருந்தது.

மூன்று மணிக்குச் சீவ ஆரம்பித்தேன். சீவல்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக மிதந்தன. சாயம் ஏற்றி, மேடத்திடம் கொடுப்பதற்கு முன்னால் நானே ஒருமுறை கண்ணை வைத்தேன். குழாய்களின் செல்கள் முழுக்கக் குமிழ். ஒரே அளவில், நெருக்கமாக, நுரை மாதிரி. தண்ணீர் சரியாகப் போகாத திசுவில் ஓட்டை விழும் என்பது முதல் வருடப் பாடம்.

மேடம் பார்த்தார். தகட்டை நகர்த்தி நகர்த்திக் கால் மணி நேரம் பார்த்தார். சீட்டு கவருக்குள்ளேயே இருந்தது. பிறகு கண்ணை எடுக்காமலே கேட்டார்.

“துரைசாமி, செல்லுக்குள்ள ஓட்டை இருக்குது. இது செல்லோட ஓட்டையா, நம்ம ஓட்டையா?”

பொய் சொல்ல அரை நிமிடம் இருந்தது. எல்லாம் முறைப்படிதான் செய்தேன் என்றால் அவர் நம்பியிருப்பார். வராந்தாவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அதனால் முடியவில்லை.

“சாராயத்துல நேரம் கொறைச்சுட்டனுங்க மேடம். கடைசி ஜாடியில பாதி நேரந்தான் வெச்சேன்.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆர்வம்தான் இருந்தது. “அந்தக் கூடையில வேற என்ன போட்டீங்க?”

“கல் அடைச்ச கிட்னி ஒண்ணுங்க.”

“அதையும் சீவுங்க. அவசரப்படாதீங்க.”

அந்தத் துண்டும் அதே ஜாடியில், அதே அரைகுறை நேரத்தில் கிடந்தது. என் தப்பால் விழுந்த ஓட்டை என்றால் அதிலும் விழுந்திருக்க வேண்டும். சீவிச் சாயமேற்றி எடுத்துப் போனேன். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் மேடம் என்னையும் எதிரே உட்காரச் சொன்னார். கல் அடைத்த சிறுநீரகத்தில் எத்தனையோ கோளாறு இருந்தது. குமிழ் மட்டும் ஒன்றுகூட இல்லை.

“அப்ப நீங்க போட்டது இல்லைங்க” என்றார் மேடம். “ஆனா நேரத்தைக் கொறைச்சது தப்புத்தான். பாட்டில்ல இருக்கற பாதியை முறையாப் போடுங்க, காலையில அதையும் பார்க்கலாம்.”

பிறகு இன்னொரு சாயம் ஏற்றிய தகட்டை வைத்தார். அதில் ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் ஒரு கோடு சிவந்து தெரியும். மேடம் அதை வரப்பு என்பார். உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளுகிறது என்றால் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து, வரப்பைத் தாண்டி, குழாயின் செல்களுக்கு நடுவே புகுந்து உட்காரும். ஒவ்வொரு வட்டமாக எண்ணிக்கொண்டே போனோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து வெள்ளணுக்கள் வெளியே நின்றன. உள்ளே யாரும் இல்லை. மேடம் இடது பக்கத்தில் எழுதினார்: ‘சீரான பொடிக் குமிழ்கள். வரப்பைத் தாண்டிய வெள்ளணு இல்லை.’ அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரே கவரிலிருந்து சீட்டை உருவினார். ‘தள்ளுகிறது. மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை’ என்று டாக்டர் எழுதியிருந்தார். மேடம் வலது பக்கத்தில் எழுதினார்: ‘மருந்து அதிகம்.’

அந்த எண்ணெய் மருந்துக்கு அப்படி ஒரு குணம். அளவாக இருந்தால் வெள்ளணுக்களைத் தூங்க வைக்கும். அளவு மீறினால் யாரைக் காப்பாற்ற வந்ததோ அந்தச் சிறுநீரகத்தின் செல்களையே வீங்கவைத்துக் குமிழ் போடும்.

டாக்டர் மோகன் கீழே இறங்கி வந்தார். ஊசித் தட்டு வார்டில் தயாராக இருந்தது. “எப்படிங்க மேடம் அதிகமாகும்? ஆறு மாசமா அதே அளவுதானே குடுக்கறேன்? இப்பக் கொறைச்சு, அது தள்ளறதா இருந்துச்சுன்னா கிட்னி போயிருமுங்க.”

“இப்பக் கூட்டி, அது மருந்தா இருந்துச்சுன்னாலும் போயிருமுங்களே. எப்படி அதிகமாச்சுன்னு எனக்குத் தெரியலைங்க. நான் பார்த்தது இது. நீங்களும் பாருங்க.”

அவர் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்து பார்த்தார். முன்கோபக்காரர்தான், ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லாதவர். ஊசித் தட்டு திரும்பிப் போனது. மருந்தின் அளவு குறைக்கப்பட்டது. மறுநாள் காலை, முறைப்படி செய்த பாதித் துண்டிலும் அதே குமிழ்கள் அப்படியே இருந்தன. நாலாம் நாள் சென்னையிலிருந்து பதில் வந்தது. ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். அதற்குள் உப்பும் இறங்க ஆரம்பித்திருந்தது.

சிறுநீரகம் பிழைத்தது. ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் மண்டை குடைந்தது. அதே சீசா, அதே அளவு, அதே ஆள். அதிகமானது எங்கிருந்து வந்தது? “ஊட்டுல மருந்து குடிக்கற மாதிரியே இங்க குடிச்சுக் காட்டச் சொல்லுங்க” என்றார் மேடம். வார்டுக்குப் போனோம். நடராஜ் கண்ணாடி டம்ளரை எடுத்து வைத்தார். உறிஞ்சு குழலில் மருந்தை அளந்தார். துளி கூடப் பிசகில்லை. பிறகு ருக்மணியக்கா தன் பையிலிருந்து தலை அளவுக்கு ஒரு பழத்தை எடுத்தார். பப்ளிமாஸ். தோலைப் பிளந்து, சுளைகளைத் துணியில் கட்டி, டம்ளரில் பிழிந்தார்.

“எத்தனை நாளாங்க இந்தப் பழம்?” என்றார் டாக்டர்.

“ஆவணியில காய் முத்துனதுல இருந்துங்க. எங்க கெணத்து மேட்டுல ஒரு மரம் நிக்குதுங்க. பால்ல கலக்குனா வாந்தி வருதுங்கறான். அதான் வாரம் ஒருக்கா ஒரு மூட்டை கொண்டு போய்க் குடுத்துட்டு வாரேனுங்க. சத்தி பஸ்ஸுல லக்கேஜ் போட்டுத்தானுங்க.” கொஞ்சம் பயந்துபோய்ச் சேர்த்துச் சொன்னார், “சீட்டுல போட்டிருக்குதுங்களே சார், ஏதாவது பழச்சாறுன்னு.”

நடராஜ் தலையணைக்கு அடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். அச்சடித்த மாதிரி என் கையெழுத்து.

டாக்டர் மோகன் படியிறங்கும்போது பாதியில் நின்றுவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் எப்போதோ சொன்னது அவருக்கு நினைவு வந்தது. அங்கே காலையில் கிரேப்ஃப்ரூட் என்று ஒரு பழம் சாப்பிடுவார்களாம். அதோடு சேர்ந்தால் சில மாத்திரைகள் ரத்தத்தில் தாறுமாறாக ஏறுகிறதாம். யாரோ வேறு எதையோ சோதிக்கப் போய்த் தற்செயலாகக் கண்டுபிடித்தார்களாம். “அதுக்கு நம்ம பப்ளிமாஸ் பங்காளி முறைதானுங்களே மேடம்!” என்றார். குடலின் சுவர்ச் செல்களுக்குள் ஒரு நொதி இருக்கிறது. உள்ளே வரும் மருந்தில் ஒரு பங்கை அங்கேயே உடைத்துப் போட்டுவிடும். அந்த இழப்பையும் சேர்த்துத்தான் டாக்டர் அளவு எழுதுகிறார். பழத்தின் சாறு அந்த நொதியைக் கட்டிப் போட்டுவிட்டால் அத்தனை மருந்தும் ரத்தத்துக்குள் போய்விடும்.

“இது நினைக்கறதுதானுங்க” என்றார் மேடம். “பார்த்தரலாம்.”

பழத்தை நிறுத்தி, நாட்டுச் சர்க்கரை போட்ட பாலில் பழைய அளவையே கொடுத்தார்கள். சென்னைப் பதில் வரும் வரை நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று தெரியாது. ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக வந்தது. பழைய அளவு, பழைய ஆள், பழம் மட்டும் இல்லை. அடுத்த ஆவணியிலிருந்து அந்த மரத்துப் பழங்கள் எங்கள் லேபுக்கு மூட்டையாக வந்தன. யாராவது ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொருவரையும் விசாரித்த பிறகே மேடம் பழத்தில் கை வைக்க விடுவார்.

ஆனால் அன்றைக்கு முதலில் ருக்மணியக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது. “டாக்டர் சொல்லட்டுமுங்க” என்று நான் நழுவப் பார்த்தேன். மேடம் விடவில்லை. “சீட்டு நீங்கதானே எழுதினீங்க?” என்றார். அந்தப் பழத்தைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது, ஆரஞ்சு என்றே எழுதியிருந்தாலும் அவர்கள் பப்ளிமாஸ் பிழிந்திருக்கலாம் என்றெல்லாம் வாதாட எனக்கு வாய் இருந்தது. மனசு வரவில்லை. அக்காவை லேபுக்குள் கூட்டி வந்து மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார வைத்தேன். எதிரே நான் உட்கார்ந்தேன். ஓரத்தில் மேடம்.

அக்கா கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். “பூப்போட்ட சீலையாட்ட இருக்குதுங்க” என்றார். பிறகு கேட்டார், “இதுல எது நானுங்க, எது என்ற தம்பிங்க?”

இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கண்ணாடிக்குள் இருக்கும் அம்புக்குறியை நகர்த்திக் காட்டினேன். “இந்த வட்டம் பூராவும் நீங்கதானுங்கக்கா. அவரோட ஒடம்புக்குள்ள இருந்தாலும் செல்லு உங்குளுது. அங்க கருநீலமாப் புள்ளி தெரியுதுங்களா? அது தம்பி. அவரு ரத்தத்துல இருந்து வந்த வெள்ளணு.”

“அவன் எதுக்குங்க அங்க நிக்கறான்?”

“உள்ள வந்திருக்கறது யாருன்னு பார்க்க வந்தவருங்க. புடிக்கலைன்னா இந்த வரப்பைத் தாண்டி உள்ள பூந்து அடிச்சுப் போடுவாரு.”

“தாண்டலைங்களே?”

“ஒருத்தரும் தாண்டலைங்க.”

அவர் கண்ணை எடுக்கவில்லை. நான் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னேன். அந்தக் குமிழ்கள் மருந்து ஏறியதால் வந்தவை, மருந்து ஏறியது பழத்தால். “அந்தச் சீட்டை எழுதினவன் நானுங்கக்கா. ஆரஞ்சுன்னு இருந்ததை ஏதாவது பழம்னு மாத்திப்போட்டேன். தப்பு என்னுதுங்க.”

அக்கா கண்ணை எடுத்து நிமிர்ந்தார். “மூட்டைய நாந்தானுங்களே தூக்கிட்டுப் போனேன்” என்றார். “என்ற கையாலயே...” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இந்தக் குமிழு போயிருமுங்களா?”

“போயிரும்ங்க அம்மணி” என்றார் மேடம். “போயிட்டு இருக்குது.”

அக்கா எழுந்து என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்றே நினைத்தேன். “ஏனுங்க சார், ஒரு சீட்டு எழுதிக் குடுப்பீங்களா?”

“பழம் ஆகாதுன்னுங்களா?”

“அது எனக்குச் செத்தாலும் மறக்காதுங்க. ஒட்டிருச்சுன்னு எழுதிக் குடுங்க. ஊட்டுல காட்டோணும்.”

சீட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கமெல்லாம் எங்கள் லேபில் கிடையாது. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் பக்கம் தள்ளினார். நடுவில் கோடு கிழித்திருந்த தாள். இடது பக்கத்தில், இருப்பதிலேயே நல்ல எழுத்தில் எழுதினேன்: ‘தம்பியின் செல்கள் அக்காவின் செல்களை ஒன்றும் செய்யவில்லை.’ அதற்குக் கீழே ‘அக்கா கொடுத்த சிறுநீரகம் ஒட்டிக்கொண்டது’ என்று எழுதப் போய்க் கையை நிறுத்தினேன்.

“மேடம், இது எந்தப் பக்கமுங்க?”

மேடம் மைக்ரோஸ்கோப்பில் இன்னொரு முறை கண்ணை வைத்தார். “பார்த்த பக்கத்துலயே எழுதுங்க” என்று சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டார்.

ருக்மணியக்கா தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எழுத்துக் கூட்டத் தெரியாதாம். சத்தமாகப் படித்துக் காட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இன்னொருக்காப் படிங்க” என்றார்.